தரை தட்டிய கப்பல், மூழ்கிய படகு: மீட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரண்டாம் அதிகாரி:
சரக்குக் கப்பலில் இருந்தபோது ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டில் ஏறிவிட்டோம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. வேகம் மட்டும் மளமளவென்று குறைந்து நின்றது. இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. கேப்டன் விடவில்லை. அடி கிழிந்திருந்தால் திட்டிலிருந்து இறங்கியதும் மூழ்கும். தவிர, புரொப்பல்லர் கிளப்புகிற மணல் இன்ஜினின் குளிர்நீர்க் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

முதலில் தொட்டி தொட்டியாக அளந்தோம். அளவு நாடாவின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்கினால், தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். எண்ணெய்த் தொட்டிகளில் நிறம் மாறாமல் வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

அப்புறம் செய்தது புதியவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கப்பலுக்குள் இன்னும் தண்ணீர் ஏற்றினோம். ஓதம் ஏறும்போது அரைகுறையாக மிதந்தால் அலை இன்னும் மேட்டுக்குத் தள்ளிவிடும், அதனால் கனம் கூட்டி அழுத்தி உட்கார வைத்தோம். டக் எனப்படும் இழுவைப் படகுகள் வந்தபின், ஓதம் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து, கனத்துக்காக ஏற்றியிருந்த பாலாஸ்ட் தண்ணீரை வெளியேற்றினோம். எங்கள் கப்பல் ஒரு சென்டிமீட்டர் உயரவே சுமார் 50 டன் குறைய வேண்டும். இழுவைக் கம்பி விறைத்ததும் தளத்தில் ஒருவரையும் நிற்க விடவில்லை. அறுந்தால் ஆளை வெட்டிவிடும்.

டைவர்:
நான் தூக்கியதெல்லாம் சின்னப் படகுகள். ஒரு கன மீட்டர் காற்று அடைத்த பை ஒரு டன்னைத் தூக்கும், கணக்கு சுலபம். கணக்குக்குள் வராதது சேறு. பிடித்த பிடியை விடாது. விட்டால் ஒரேயடியாக விடும். மேலே வர வரப் பைக்குள் காற்று விரியும். 10 மீட்டர் ஆழத்தில் பாதி நிறைந்த பை, மேல்மட்டத்தில் முழுப் பை. படகு அம்பு மாதிரி கிளம்பி வந்து, பை கவிழ்ந்து காற்றைக் கொட்டி, மறுபடி மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தண்ணீரைப் பீய்ச்சி அடிச்சேற்றைக் கரைத்த பிறகுதான் காற்றைத் திறப்போம்.

இரண்டாம் அதிகாரி:
2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் கதையும் இதுதான். எல்லோருக்கும் நினைவிருப்பது கரையில் நின்ற அந்தக் குட்டி மண்வாரி. 400 மீட்டர் கப்பலை விடுவித்தது, சுமார் 30,000 கன மீட்டர் மணலை அள்ளிய தூர்வாரும் வேலையும் டக்குகளும் பௌர்ணமி ஓதமும். சரி, டைவரிடம் ஒரு சந்தேகம்: அடிச்சேற்றை ஒரு பக்கம் கரைக்கும்போது படகு சாய்ந்துவிடாதா?