பெட்ரோவின் ‘கடலும் கிழவனும்’: தெளிவான பிரதி எங்கே கிடைக்கும்?

கேள்வி:
ரஷ்ய அனிமேஷன் கலைஞர் அலெக்சாண்டர் பெட்ரோவ் ஹெமிங்வே கதையை வைத்து எடுத்த 1999 அனிமேஷன் குறும்படத்தை நேற்று ராத்திரி மூன்று தடவை பார்த்துவிட்டேன், 20 நிமிடம்தான், ஆனால் தூக்கமே போய்விட்டது. நான் பார்த்த யூடியூப் பிரதியில் கடலெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நல்ல பிரதி உண்டா?

பதில் 1:
வாங்க, நீங்களும் மாட்டிக்கொண்டீர்களா! பெட்ரோவ் கண்ணாடிமேல் எண்ணெய் வண்ணத்தை விரல் நுனியால் தீட்டி, கேமராவில் ஒரு படம் எடுத்ததும் அதையே கலைத்து அடுத்ததை வரைவார். இப்படி 29,000க்கும் அதிகமான பிரேம்கள், இரண்டரை வருட வேலை. வரைந்த ஓவியம் மிஞ்சாது, படச்சுருளில் இருப்பதுதான் மிச்சம். 2000இல் ஆஸ்கர் கொடுத்ததில் ஆச்சரியமே இல்லை.

பதில் 2:
அதெல்லாம் சரி, அவர் கேட்டது பிரதி. டிவிடி வந்திருக்கிறது, பழையது விற்பவர்களிடம் தேடுங்கள். வாங்குமுன் ரீஜன் கோடு (எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்கிற குறியீடு) உங்கள் பிளேயருக்கு ஒத்துவருமா என்று கேட்டுவிடுங்கள், நான் கேட்காமல் வாங்கி, வட்டை அட்டையோடு அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறேன். இன்னொன்று, இது ஐமேக்ஸ் என்கிற ராட்சதத் திரைக்காக எடுத்த படம், எந்த டிவிடியிலும் முழுசாக வராது. அனிமேஷன் விழாக்களில் பெட்ரோவ் படங்கள் போட்டால் விடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. டிவிடி தேட ஆரம்பித்துவிட்டேன். அதுவரை அந்தக் கட்டம் போட்ட கடலே போதும், இன்னொரு தடவை பார்க்கப் போகிறேன்.