'இந்துநேசன்' பழைய இதழ் யார் வீட்டிலாவது இருக்கிறதா?

வணக்கம். காரைக்குடிப் பக்கம்தான் நான். சின்ன வயதில் வளவில் படுத்துக்கொண்டு அப்பத்தாவிடம் கதை கேட்டால் ராஜா ராணிக் கதை வராது, லட்சுமிகாந்தன் கொலை வழக்குதான் வரும். சினிமாக்காரர்களைப் பற்றி வம்பு எழுதிய பத்திரிகைக்காரர் அவர். அன்று பிடித்த பைத்தியம் ஐம்பது தாண்டியும் விடவில்லை.

1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரி. ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். பேசும் நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், மறுநாள் இறந்துவிட்டார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதருக்கும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் இருவரும் விடுதலை. சரி, அப்படியானால் குத்தியது யார்? அப்பத்தா தினம் ஒரு ஆளைச் சொல்லும்!

லட்சுமிகாந்தன் நடத்திய 'இந்துநேசன்' இதழோ, அந்த மூன்று வருடத்துப் பத்திரிகை நறுக்குகளோ தேடுகிறேன். முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் கேட்டால் பீங்கானையும் கடியாரத்தையும் காட்டுகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததெல்லாம் சென்னை நூலகத்தில் இருக்கிறது, அங்கே தனியாகப் போகிறேன்.

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, இரண்டாம் கட்டு அறையிலோ பழைய பெட்டகத்திலோ காகிதக் கட்டு இருந்தால் கரையான் முந்துவதற்குள் சொல்லுங்கள். விலைக்குக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். குடிக்க ஒரு காப்பி மட்டும் போதும்.