எக்ஸ்பெடைட்: முடுக்கமா, துனைவா, விரைவிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் தயாரிக்கும் கொள்முதல் கையேட்டின் சொற்பட்டியலில் ‘எக்ஸ்பெடைட்’ (expedite, தேங்கி நிற்கும் சரக்கையோ வேலையையோ நகர்த்தி வரவழைப்பது) என்ற சொல்லுக்கு இதுவரை முடுக்குதல், துரிதப்படுத்தல், துனைவித்தல் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் சேர்ந்த புதிது. வார்ப்பட ஆலையிலிருந்து வரவேண்டிய பம்பு உறைகள் பத்து நாளாக வரவில்லை. பாகங்களைப் பூட்டும் பகுதியில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் உறைகளை வார்த்து, மணல் தட்டி, முற்றத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சோதனைச் சான்றிதழில் ஒரு கையெழுத்து விழவில்லை, அவ்வளவுதான். போடவேண்டியவர் விடுப்பில் இருந்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, டெம்போவில் ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் நானும் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். உலை வழக்கத்தைவிட ஒரு டிகிரிகூட அதிகமாகக் கொதிக்கவில்லை. யாரும் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்யவும் இல்லை. அன்று மாலை மேலாளர் குறிப்பேட்டில் எழுதிய சொல்: ‘எக்ஸ்பெடைட்டட்.’

சொல்லின் பிறப்பும் இதையே சொல்கிறது. இலத்தீனில் ‘பெஸ்’ என்றால் கால். காலில் பூட்டிய விலங்கைக் கழற்றுவது ‘எக்ஸ்பெடைட்’, பூட்டுவது ‘இம்பீட்’. இந்த வழியிலேயே போய்த் ‘தளைநீக்கம்’, ‘கட்டவிழ்ப்பு’ என்று வைக்கலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் கால்கட்டு என்ற சொல்லை நாம் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். ‘கட்டவிழ்ப்பாளர்’ என்று அறைக்கதவில் பலகை மாட்டினால், குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் வழி தவறி உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

‘அக்செலரேட்’ வேறு குடும்பம். அதன் வேர் ‘செலெர்’, விரைவான என்று பொருள். அங்கே மெய்யாகவே வேகம் மாறுகிறது. அதற்கு முடுக்கம் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களும், ஆர்முடுகல் என்று இலங்கைப் பாடநூல்களும் நிலைநிறுத்திவிட்டன. வேகம் குறைவதை அங்கே அமர்முடுகல் என்பார்கள். நம் ‘எதிர்முடுக்க’த்தைவிட அது எனக்குப் பிடித்த சொல். முடுகு என்ற வேர் இரு கரையிலும் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை, செய்யுளின் ஓசை நடைகளாகத் தொல்காப்பியர் எண்ணிய இருபது வண்ணங்களில் கடைசியே முடுகு வண்ணம்தான்.

முடுக்குதல் வேண்டாம் என்பதற்கு என் காரணம் எளியது. இயற்பியலில் அது வேகம் கூடுவதை மட்டும் குறிப்பதில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை பஸ் ஒரே வேகத்தில் கடந்தாலும், திசை மாறுவதால் அதற்கு முடுக்கம் உண்டு. இவ்வளவு துல்லியமாகத் தீட்டி வைத்த சொல்லை அலுவலகக் கடிதத்துக்கும் கடன் கொடுப்பானேன்? நம் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் மோட்டாரின் முடுக்க நேரம் வருகிறது, எட்டாம் பக்கத்தில் கொள்முதல் ஆணையின் முடுக்கம் வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? தவிர, எங்கள் கொங்குப் பக்கம் முடுக்குவது என்றால் துரத்துவது, நாய்தான் ஆளை முடுக்கும். என்னைக் கண்டதும் சரக்கு தரவேண்டியவர்கள் சிலர் ஓடியதை நினைத்தால் அந்தப் பொருளும் முழுத் தவறில்லைதான்.

துரிதப்படுத்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘பணிகள் துரிதப்படுத்தப்பட்டுள்ளன’ என்ற செய்தியைப் படித்து, என்ன செய்தார்கள் என்று யாராவது கண்டுபிடித்ததுண்டா? துரிதம் என்பதற்குப் பாவம் என்றும் ஒரு பொருள் அகராதியில் இருக்கிறது. துரித உணவுக்கு அது பொருந்தும்.

துனைவித்தலைப் பரிந்துரைத்த நண்பரின் படிப்பை மதிக்கிறேன். ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்று, அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும் தொல்காப்பியத்தின் உரியியல் சொல்வது உண்மை. ஆனால் உரியியலில் எடுத்துச் சொல்லவேண்டிய அளவுக்கு அது அன்றே அரிய சொல். அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துப் பிழை. ‘துனைவி’யை நம் ஊர் அச்சகத்தில் கொடுத்தால் மெய்ப்புப் பார்ப்பவர் நல்லெண்ணத்தோடு ‘துணைவி’ என்று திருத்திவிடுவார். ‘சரக்கு வர ஒரு துணைவியை அனுப்பவும்’ என்று கையேடு வெளிவரும். கால்கட்டிலிருந்து தப்பிய நாம் மறுபடி அங்கேயே போய் விழவேண்டுமா?

யாழ்ப்பாண நண்பர் கடுகதியை நினைவூட்டினார். நாம் விரைவு ரயில் என்பதை அவர்கள் கடுகதி ரயில் என்கிறார்கள், கேட்கவே மிடுக்காக இருக்கிறது. ஆனால் ‘கடுகி வந்தான்’ இங்கே ஏட்டோடு நின்றுவிட்டது. இன்றைய தமிழ்நாட்டில் கடுகு தாளிப்பதற்குத்தான்.

என் பரிந்துரை விரைவிப்பு. அறி, அறிவி, அறிவிப்பு போல விரை, விரைவி, விரைவிப்பு. ஆளுக்கு விரைவிப்பாளர், அதற்கென்று தனியாகக் கேட்கும் பணத்துக்கு விரைவிப்புக் கட்டணம், கடிதத்தில் ‘இந்த ஆணையை விரைவிக்கவும்’. விரைவஞ்சலையும் விரைவுப் பேருந்தையும் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. இதிலும் வேகம்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் பிறவினை ஆகும்போது அழுத்தம், பின்னால் நின்று காரியத்தை நகர்த்துகிறவர் மேல் விழுகிறது. என் கதையில் உலை விரையவில்லை, சரக்கு விரைந்தது, விரைவித்தவன் டெம்போவின் முன்னிருக்கையில் இருந்தான். பேச்சில் இதற்கெல்லாம் ‘கையோடு வாங்கி வா’ என்பதுதான் நல்ல தமிழ். அதைப் பெயர்ச்சொல்லாக்க எனக்குத் திறமை போதவில்லை.

இன்னும் இரண்டு சொற்கள் அதே பட்டியலில் நிற்கின்றன. திட்டமிடலில் ‘ஃபாஸ்ட் டிராக்கிங்’ என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய வேலைகளைச் சேர்த்துச் செய்வது. மாடிக் கூரை நீரில் ஊறிக்கொண்டிருக்கும்போதே கீழே வயரிங் வேலையைத் தொடங்கிவிடுவது போல. இதற்கு ‘உடன்நிகழ்த்தல்’ போதும். ‘க்ராஷிங்’ என்பது இரவுப் பணிக்கு ஆள் வைத்து, வாடகைக்குக் கூடுதல் இயந்திரம் எடுத்து, செலவை ஏற்றி நாளைக் குறைப்பது. முதல் வரைவில் யாரோ இதைத் ‘திட்ட விபத்து’ என்று எழுதியிருந்தார்கள். பல திட்டங்களைப் பார்த்தவன் என்பதால் சிரித்துவிட்டு அடித்தேன். ‘செலவேற்றிச் சுருக்கல்’ என்று நான் எழுதி வைத்திருப்பது பொருளில் சரி, ஆனால் வாயில் நுழையவில்லை.

அந்த ஓர் இடத்தை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறேன். கட்டட வேலையில் இருப்பவர்கள் யாராவது, ஆளைக் கூட்டிப் போட்டு நாளைக் குறைக்கும்போது மேஸ்திரிகள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். விரைவிப்புக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது, அந்தப் பகுதி திங்களன்று அச்சுக்குப் போகிறது.