பொருள்: ஒன்பது கோல் தோல்வியும் நம் சங்க நிதியும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

கோவையில் நடந்த கால்பந்துக் கோப்பைப் போட்டியில் நம் ஊர் அணி ஒன்பது கோல் வாங்கித் தோற்ற செய்தி வந்ததிலிருந்து, "இதற்கா பணம் அனுப்பினோம்?" என்று நம் சங்கக் குழுவில் பலரும் சிரித்துக் கேட்டுவருகிறார்கள். எதிரணியில் ஆடியவர்கள் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அன்றாடம் பயிற்சி செய்பவர்கள். நம் பிள்ளைகளோ பல்லடம் விசைத்தறிகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள். கோல்கீப்பர் இரவெல்லாம் தறியில் நின்றுவிட்டு, விடியற்காலைப் பேருந்து பிடித்து மைதானத்துக்கு வந்தவன். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் சிரிப்பவர்களுக்கு, நான் குடியிருக்கும் லிவர்பூல் பக்கத்தில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கே கிராஸ்பி என்னும் ஊரில் மரைன் என்றொரு சிறிய கிளப் இருக்கிறது. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் பெரிய கிளப், சின்ன கிளப் என்று பாராமல் குலுக்கல் முறையில் எதிரணியைத் தேர்ந்தெடுப்பதால், 2021 ஜனவரி 10 அன்று, எட்டாம் நிலை லீக்கில் இருந்த மரைன், முதல் நிலை லீக்கில் ஆடிய, ஜோசே மொரீன்யோ பயிற்றுவித்த டாட்டன்ஹாம் அணியைத் தன் சொந்த மைதானத்திலேயே சந்தித்தது. இரு அணிகளுக்கும் இடையே தரவரிசையில் 161 இடங்கள். அதற்கு முன்பு கோல்செஸ்டர் அணியைப் பெனால்டியில் வென்று, அடுத்த சுற்றில் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் தப்பித்துத்தான் மரைன் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

கோல் ஏதும் விழாத தொடக்க நேரத்தில் மரைன் வீரர் நீல் கெங்னி தொலைவிலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் தாழ்ந்திருந்தால் அன்றைய பேச்சே வேறாக இருந்திருக்கும். பிறகு டாட்டன்ஹாமின் கார்லோஸ் வினீசியுஸ் மூன்று கோல் அடிக்க, லூகாஸ் மவுரா ஒன்று சேர்க்க, இடைவேளைக்குள் 4-0. இரண்டாம் பாதியில் பதினாறு வயதுப் பையன் ஆல்ஃபி டிவைன் ஐந்தாவதையும் போட்டுவிட்டான். கொரோனாக் காலம் என்பதால் மைதானத்தில் பார்வையாளர் இல்லை. சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பின்புறத் தோட்ட வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள். உள்ளே நுழைய முடியாது என்று தெரிந்தும் 30,000 பேருக்கு மேல் ஆளுக்குப் பத்து பவுண்டு கொடுத்து அடையாள டிக்கெட் வாங்கினார்கள். அவர்களில் டாட்டன்ஹாம் ரசிகர்களும் ஏராளம். தோற்ற மரைன் மூன்றே ஆண்டுகளில், 2024-ல், ஆறாம் நிலை லீக்குக்கு ஏறிவிட்டது என்பதையும் சிரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளிடம் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆட்டத்தின் காணொளியை முழுவதும் பார்த்தேன். தடுப்பாட்டக்காரர்கள் தேவையில்லாமல் முன்னேறிப் போய் நின்றதால், அவர்களுக்குப் பின்னால் பந்தைத் தள்ளிவிட்டே எதிரணி பலமுறை கோல் போட்டது. இது பயிற்சியால் சரியாகக் கூடியது. ஆனால் முதல் அரை மணி நேரத்தில் ஒரே கோல் விட்டவர்கள் கடைசி இருபது நிமிடத்தில் ஐந்து கோல் விட்டதற்குக் காரணம் கால் ஓய்ந்ததுதான். தூங்காத கால் எவ்வளவு நேரம் ஓடும்?

ஆகவே, புதுச் சட்டை வாங்கலாம் என்று வந்திருக்கும் யோசனையை ஒத்திவைத்துவிட்டு, ஆட்டத்துக்கு முந்தின இரவு வேலைக்குப் போகாதவர்களுக்கு அன்றைய கூலியையும், வெளியூர் ஆட்டமென்றால் முதல் நாளே போய்த் தங்கும் செலவையும் சங்கம் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை வந்து போக ஒரு பயிற்சியாளருக்கும் ஏற்பாடு செய்தால் நல்லது. பொருளாளர் இதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு ஆகும் செலவில் என் பங்கை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.