குளோசப்: அண்மைக் காட்சியா, முகவளவுப் படமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படமெடுப்பில் முகம் நிறையக் காட்டுவது குளோசப், இடுப்பு வரை காட்டுவது மிட் ஷாட், முழு ஆளையும் சுற்றுப்புறத்தோடு காட்டுவது லாங் ஷாட். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், அண்மைக் காட்சி, இடைநிலைக் காட்சி, சேய்மைக் காட்சி என்று ஐயா ஒருவர் முன்வைத்த சொற்கள் காதுக்கு இனிமையானவை. நானும் இத்தனை நாள் அப்படித்தான் எழுதிவந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவைக் காட்டி, "அண்மைக் காட்சி ஒன்று எடு" என்றேன். எட்டாவது படிக்கும் பெண், செல்பேசியை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டிவிட்டாள். படத்தில் மூக்கு கொழுக்கட்டை போலப் புடைத்து, காதுகள் பின்னால் ஒடுங்கிப்போயின. அவள் மேல் பிழையில்லை. அண்மை என்றேன், பக்கத்தில் போனாள். அதே முகத்தை, தள்ளி நின்றாலும் பெரிதாகக் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் நாலடி தள்ளி நின்று நான் எடுத்தேன். முகம் அதே அளவுக்குச் சட்டகத்தை (ஃபிரேமை) நிரப்பியது, மூக்கும் மூக்காகவே இருந்தது. ஆக, இங்கே பேச்சு கேமரா எவ்வளவு பக்கம் என்பதில் இல்லை. ஆள் எதுவரை சட்டகத்துக்குள் வருகிறார் என்பதில்தான்.

இதை அளக்கத் தமிழில் பழகிய வழி இருக்கிறதே! இடுப்பளவுத் தண்ணீர், கழுத்தளவுக் கடன், மார்பளவுச் சிலை என்று உடம்பை வைத்தே சொல்கிறோம். மார்பளவுப் படம், முழு உருவப் படம் இரண்டும் ஸ்டுடியோக்காரர்கள் வாயிலேயே உண்டு. எனவே முகவளவு, மார்பளவு, இடுப்பளவு, தொடையளவு, முழு உருவம் என்று வரிசைப்படுத்தலாம் என்பது என் கருத்து. ஆள் சிறுத்து இடம் பெருத்தால் சூழல் படம்.

தொடையளவுக்குப் பதில் முழங்காலளவு என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம் என்பேன். மூட்டில் வெட்டினால் கால் அங்கேயே முடிந்துவிட்டது போலத் தெரியும். கௌபாய் படங்களில் இடுப்புத் துப்பாக்கி தெரியும்படி நடுத்தொடை வரை வைத்தார்களே, அந்தச் சட்டகம்தான் இது. எங்கே வெட்டவேண்டும் என்பதைப் பெயரே சொல்லிக்கொடுத்துவிடும்.

அப்புறம் கோணங்கள். கீழிருந்து மேலே பார்த்து எடுக்கும் லோ ஆங்கிளை மனதில் வைத்து "தாழ்கோணம்" என்றதும் இரண்டு பையன்கள் மாடிப்படி ஏறிக் கீழே பார்த்து எடுத்தார்கள். கேமரா தாழ்ந்திருக்கிறதா, பார்வை தாழ்கிறதா என்று அந்தச் சொல்லில் தெளிவில்லை. "அண்ணாந்து பார்க்கிற மாதிரி எடுங்கள்" என்றேன். அடுத்த நொடி எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் லோ ஆங்கிளுக்கு அண்ணாந்த கோணம், ஹை ஆங்கிளுக்குக் குனிந்த கோணம் என்று முன்மொழிகிறேன். நேர்நிலைக்குக் கொத்தனாரின் மட்டத்தைக் கடன் வாங்கிக் கண்மட்டம் எனலாம். குழந்தையை எடுக்கும்போது குழந்தையின் கண்மட்டம், எடுப்பவர்தான் குந்தவேண்டும். படப்பிடிப்பில் டாப் ஆங்கிள் என்கிறார்களே, தலைக்கு நேர் மேலிருந்து எடுப்பது, அதற்கு உச்சிக்கோணம். உச்சி வெயில் எங்கே விழும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கண் மட்டும், விரல் நுனி மட்டும் தெரியும் எக்ஸ்ட்ரீம் குளோசப்புக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. மீ அண்மை என்றால் மறுபடியும் தூரக்கணக்கு வந்துவிடுகிறது. உறுப்புப் படம் என்றால் மருத்துவமனை வாடை அடிக்கிறது. ஐயாவும் மற்றவர்களும் யோசித்துச் சொல்லுங்கள். வரும் ஞாயிறும் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களிடமே சொல்லிப் பார்த்துவிடலாம்.