சொந்த வாழ்க்கையை நாவலாக்கினால் எவ்வளவு தூரம் போகலாம்?

செம்பூர்க்காரி:
மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகிச் செம்பூர் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அம்மா விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அப்பா தலையில் அலுமினிய அண்டாவை ஏற்றி விற்க அனுப்பின காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன், நூறு பக்கம் தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். குழாயடிச் சண்டையில் குடத்தை வீசுகிறவள் தான்தான் என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். அதற்குக் கோபமே இல்லை. "அது எவர்சில்வர் குடம்டி, நமக்குப் பித்தளைக்கு ஏது வழி?" என்றுதான் கேட்டாள்.

சரி, சித்தி சிரித்துவிட்டாள். அப்பாவின் குடியைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதை அம்மா படித்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே கை நின்றுவிடுகிறது. பெயரை மாற்றினால் போதுமா? இல்லை, பேசாமல் முழுக்கக் கற்பனைக்கே போய்விடலாமா?

மாட்டுங்கா தாத்தா:
அனுபவம் மட்டும் போதுமென்றால் விரார் லோக்கல் ரயிலில் தொங்குகிறவன் எல்லாம் நாவலாசிரியன்தான், அம்மா. நானே முப்பது வருஷம் தொங்கினேன், ஒரு கதை வரவில்லை. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணனைப் பாருங்கள். கணவர் மின்பொறியாளர், அவர் வேலையால்தான் நீலகிரிக்குப் போனார், அங்கே இருக்கிற படகர் இன மக்களின் வாழ்க்கையை வைத்துக் 'குறிஞ்சித்தேன்' எழுதினார். ஆனால் உப்பளத்துக்கு அவரை யாரும் மாற்றலில் அனுப்பவில்லை. தானே தூத்துக்குடிப் பக்கம் போய், அந்த ஜனங்களோடு பேசிப் பழகித்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். நீங்களும் இன்னொரு தடவை தாராவிக்குப் போய் நாலு பேரிடம் பேசுங்கள். உங்களுக்கு ஞாபகம் இருப்பது சின்னப் பிள்ளை பார்த்த தாராவி.

வடாலா வாசகி:
தாத்தா சொல்வது சரி, ஆனால் எழுத்தாளர் சல்மாவுக்கு அப்படி வெளியே போய்ப் பார்க்க எங்கே வழி இருந்தது? துவரங்குறிச்சியில் வயசுக்கு வந்த வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டோடு வைத்துவிட்டார்கள். புனைபெயரில் ஒளித்து ஒளித்து எழுதினவர். தோழிகளோடு சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டது அவர் வாழ்க்கையில் நடந்தது, 2004இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் ராபியா என்கிற சிறுமியும் அப்படித்தான் மாட்டுகிறாள். அதற்காக ராபியாதான் சல்மா என்று முடித்துவிட முடியாது. அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் அவர் தன்னைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். நீங்களும் குடிக்கிற அப்பாவை அடுத்த வீட்டில் வைத்துப் பாருங்களேன்.

பெயரை மாற்றினால் ஊர் விட்டுவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். 1992இல் தன் வாழ்க்கையை வைத்து எழுதின 'கருக்கு' வந்தபோது எழுத்தாளர் பாமா சொந்த ஊருக்கே பல மாதம் போக முடியவில்லை.

சயான் சங்கர்:
அக்கா, நான் நாவல் படிக்கிற ஆள் இல்லை. எங்க வீடும் இட்லி வீடுதான். கதையில் இட்லி விற்கும்போது அமுக்குகிற அந்த ரப்பர் ஹாரன் சத்தம் வருகிறதா? அது இல்லாவிட்டால் எங்க அப்பா நம்பமாட்டார்.

செம்பூர்க்காரி:
ஹாரனை மறந்தே போனேன், தம்பி!! அப்பாவுடைய ஹாரன் ஒரு பக்கம் கிழிந்து, சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டது, அமுக்கினால் பாதிச் சத்தம்தான் வரும். குடித்த மறுநாள் அதுவும் வராது, அம்மாதான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த அத்தியாயத்தை இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பித்தளைக் குடத்தையும் மாற்றிவிட்டேன்.