சின்னப் படகில் வேக்போர்டு அலைக்குப் பாரம் ஏற்றுவது: அனுபவப் பகிர்வு

அமரக்காரன்

16 முதல் 19 அடி வரை நீளம், 90 முதல் 150 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது பின்சுவருக்கு வெளியே மாட்டிய மோட்டார். இந்த அளவுப் படகில் வேக்போர்டுக்காக (படகு கயிற்றால் இழுக்க, அதன் அலையில் பலகைமேல் சறுக்கும் விளையாட்டு) அலையைப் பெரிதாக்கப் பாரம் ஏற்றிப் பார்த்தவர்கள் எது உதவியது, எது உபத்திரவம் ஆனது என்று எழுதுங்கள். கதை வேண்டாம். கிலோ, லிட்டர், இடம், வேகம் போதும்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் அதை விட்டுவிட்டு நேராகப் பாரத்துக்கான தண்ணீர்ப் பை வாங்கப் போய்விடுகிறார்கள். ஸ்டீயரிங் பக்கத்திலோ பின்சுவரிலோ கொள்ளளவுத் தகடு அடித்திருக்கும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்கு அது கட்டாயம். ஐரோப்பியப் படகுகளில் சிஇ முத்திரையுள்ள தகடு. ஆட்கள், மோட்டார், சாமான் மூன்றும் சேர்த்து 520 கிலோ என்று அதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 115 எச்.பி. மோட்டார் சுமார் 170 போகும். மூன்று பேர் 225. பேட்டரி, நங்கூரம், பலகை, கயிறு, லைஃப் ஜாக்கெட் என்று 30. மீதி 95 கிலோ. அவ்வளவுதான் உங்கள் கையிருப்பு.

அந்த மூன்று பேரில் தண்ணீரில் இருப்பவரும் அடக்கம். விழுந்தவரை ஏற்றிக்கொள்ளும் நேரத்தில் அவர் எடையும் படகுக்குள் வந்துவிடும், அதுவும் பின்மூலையில். அவரைக் கழித்துக் கணக்குப் போட்டுப் பையை நிரப்புவதுதான் இதில் எல்லோரும் செய்யும் முதல் தப்பு.

கயிறு60

95 கிலோவா என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். படகு எவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிறதோ அவ்வளவு அலை. 700 கிலோ படகில் 95 கிலோ என்பது 2 டன் படகில் 270 கிலோ ஏற்றுவதற்குச் சமம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதே காரணத்தால் இடம் தப்பினால் அடியும் பெரிதாகவே விழும். பெரிய வேக் படகில் 50 கிலோ ஒரு முழம் தள்ளி இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் அலையே மாறிப்போகும்.

அமரத்தில், அதாவது பின்பக்கம், ஏற்றினால் அலை உயரமாகவும் செங்குத்தாகவும் வரும்; கூடவே குறுகும். அணியத்தில், முன்பக்கம், ஏற்றினால் உயரம் கொஞ்சம் குறையும். சரிவு நீண்டு, முகடு நொறுங்காமல் நிற்கும். பெரிய இன்போர்டுகளுக்கு, அதாவது மோட்டார் உள்ளே இருக்கும் படகுகளுக்கு, சொல்லப்படும் '60 பின்னால், 40 முன்னால்' என்ற கணக்கை அவுட்போர்டுக்கு அப்படியே எடுக்காதீர்கள். 170 கிலோ மோட்டார் ஏற்கெனவே பின்சுவரில் தொங்குகிறது. இங்கே முதல் 50 கிலோவை நடுவிலோ சற்று முன்னாலோ வையுங்கள். அடுத்ததைத்தான் பின்னால்.

பின்னால் மட்டும் அடுக்கினால் என்ன ஆகும் என்பது மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். மூக்கு வானத்தைப் பார்க்கும், ஓட்டுபவருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது, படகு தண்ணீர்மேல் எழும்பி வழுக்கவே நேரமாகும். எழும்பிய பிறகு தவளைபோல மேலும் கீழும் தத்தும். முகட்டில் வெள்ளை நுரை உருளும்.

புதுத்துடுப்பு

கற்றுக்கொள்பவர்களுக்கும் இந்தப் பாரம் உதவுமா அண்ணே?

கயிறு60

உதவாது தம்பி, கெடுதல்தான். புதியவரை மணிக்கு 26 முதல் 30 கிலோமீட்டரில் இழுப்போம். பின்பாரம் ஏறினால் படகு எழும்பி நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே அதற்கு மேலே போய்விடும். எழும்பவும் இல்லாமல், அமரவும் இல்லாமல் படகு உழுதுகொண்டே போகும். ஓட்டுபவர் விசையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க, கயிறு தளர்ந்து இறுகும். அலையைக் குறுக்கே கடக்கத் தெரிந்து, 32 முதல் 36க்கு வந்தவருக்குத்தான் பாரம். கயிறு 17 முதல் 20 மீட்டருக்குள் இருக்கட்டும். சின்னப் படகின் அலை அதற்கு அப்பால் கரைந்துவிடும்.

குழாய்_பம்ப்

தண்ணீர்ப் பை பற்றி விரிவாகவே எழுதுகிறேன். கோளாறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

1 லிட்டர் 1 கிலோ என்பதால் கணக்கு சுலபம். 50 செ.மீ. நீளம், 50 அகலம், 40 உயரம் என்றால் 100 கிலோ. கடையில் கண்ணில் படும் பெரும்பாலான பைகள் 180 கிலோவும் அதற்கு மேலும்தான். 'பெரியதாக வாங்கிப் பாதி நிரப்பிக்கொள்ளலாம்' என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பாதி நிரம்பிய பையில் தண்ணீர் அலைபாயும். படகு இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இடப்பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். முழுதாக நிரம்பி, காற்று வெளியேறிய பை கல்லைப்போல ஒரே இடத்தில் கிடக்கும். 200 லிட்டர் பை ஒன்றைவிட 45 லிட்டர் பை இரண்டு மேல்.

காற்று வெளியேறுவதற்குத் தனித் துளை உள்ள பையாகப் பாருங்கள். நிரப்பும்போது அந்த மூலையைக் கையால் தூக்கிப் பிடித்தால் 'புஸ்' என்று காற்று போய், பிறகு தண்ணீர் எட்டிப் பார்க்கும். அப்போது மூடினால் சரி. மூடியைத் திருகும் முன் அதன் ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது நழுவியிருந்தால் அரை மணியில் தரை முழுக்க ஈரம்.

பம்ப் இரண்டு வகை. படகின் அடித்தளத்தில் (பில்ஜ்) சேரும் தண்ணீரை இறைக்கும் சாதாரண 12 வோல்ட் பில்ஜ் பம்ப்பைக் குழாயோடு தண்ணீரில் போட்டு நிரப்பலாம். பெட்டியில் 800 கேலன், அதாவது மணிக்குச் சுமார் 3,000 லிட்டர் என்று இருக்கும். குழாய் நீளமும் ஒரு மீட்டர் ஏற்றமும் சேர்ந்தால் 2,000 கிடைப்பதே பெரிது. அப்படியும் 45 லிட்டர் பை ஒன்றரை நிமிடத்தில் நிரம்பும். உள்ளே நெளிநெளியாக இருக்கும் குழாயைத் தவிர்த்து, வழுவழுப்பான ஓரங்குலக் குழாய் எடுங்கள். இந்தப் பம்ப் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். பை நிரம்பியதும் அது தள்ள முடியாமல் நின்றுவிடும், பைக்குச் சேதமில்லை.

ரப்பர் இதழ் சுழலும் இம்பெல்லர் பம்ப் வேறு சாதி. அது தானே உறிஞ்சிக்கொள்ளும், திருப்பி ஓட்டினால் காலியும் செய்யும். ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடினால் இதழ் சீக்கிரமே கருகிவிடும். பை நிரம்பிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். பையின் ஒட்டு பிரியும், அல்லது மேலே இருக்கும் இருக்கை மூடி பிடுங்கிக்கொண்டு வரும். சுவிட்ச் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

எதுவானாலும் மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் பம்ப்பைத் தண்ணீரில் போட வேண்டும். புரொப்பல்லர் பக்கத்தில் ஒயர் தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பம்ப்பில் அச்சிட்டிருக்கும் ஆம்பியருக்கு ஃபியூஸ் போட்டு, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியால் இணையுங்கள்.

ஈயக்குண்டு

நான் ஈயக் கட்சி. தண்ணீரைவிட 11 மடங்கு அடர்த்தி. 25 கிலோ ஈயம் ஒரு பெரிய டிஃபன் பெட்டி இடத்தில் அடங்கும். சின்னப் படகில் கால் வைக்க இடம் வேண்டும் அல்லவா? நகர்த்திப் பார்க்கவும் சுலபம், 10 கிலோவாகப் பிரித்தால் இடம் மாற்றி மாற்றி அலையைத் திருத்தலாம்.

மணல் மூட்டை மட்டும் வேண்டாம். நனைந்தால் கனம் மாறும், சாக்கு இற்றுப்போனால் மணல் பில்ஜில் இறங்கிப் பம்ப்பை அடைத்துவிடும்.

அமரக்காரன்

இடம் மிச்சம் என்பது சரி. ஆனால் ஈயத்துக்கு நான் வர மாட்டேன், காரணம் ஒன்றே ஒன்று. படகுக்குள் தண்ணீர் ஏறி மூழ்கும் நிலை வந்தால், பைக்குள் இருக்கும் தண்ணீர் சுற்றியுள்ள தண்ணீரோடு சமமாகிவிடும். படகைக் கீழே இழுக்காது. ஈயம் இழுக்கும். தரைக்கடியில் அடைத்திருக்கும் மிதவை நுரை, தகட்டில் போட்டிருக்கும் எடையை மனதில் வைத்து அளவிட்டது. ஈயம் ஒவ்வொரு கிலோவும் அந்த நுரையின் கணக்கில் கடன். 20, 30 கிலோ திருத்தத்துக்கு என்றால் சரி, அதுவும் தகட்டுக் கணக்குக்குள். கைப்பிடி உள்ள உறையில் போட்டுக் கட்டி வையுங்கள். கட்டாத ஈயம் ஒரு குலுக்கலில் ஃபைபர் தரையைக் கீறி உடைத்துவிடும்.

ஈயக்குண்டு

ஒத்துக்கொள்கிறேன். 30க்கு மேல் பை.

கரைச்சோதனை

ஓட்டுவதற்கு முன் கரையிலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை. பை நிரப்பி, மூன்று பேரும் ஏறி, ஒருவர் பின்மூலையில் நின்றுகொள்ளட்டும். மோட்டார் மாட்டியிருக்கும் பின்சுவரின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தண்ணீர் வரை அளந்து பாருங்கள். என் கணக்கில் ஒரு சாணுக்குக் குறைந்தால் பாரம் அதிகம், தகடு என்ன சொன்னாலும் சரி.

அப்படியே தரையில் உள்ள வடிகால் துளைகளையும் பாருங்கள். தானே வடியும் தரை உள்ள படகில் அந்தத் துளைகள் வெறும் படகின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். பாரம் ஏறினால் அவை மூழ்கி, வடிய வேண்டிய துளை வழியாகவே தண்ணீர் உள்ளே வரும். பில்ஜ் பம்ப்பின் வெளியேற்றுத் துளைக்கும் இதே கதி. மூழ்கினால் பம்ப் நின்ற பிறகு தண்ணீர் திரும்பி உள்ளே ஓடும்.

ஏழாம்பிட்ச்

புரொப்பல்லரைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாரம் ஏற்றினால் முழு விசையில் ஆர்.பி.எம்., அதாவது மோட்டாரின் நிமிடச் சுற்று, விழும். கையேட்டில் 5,000 முதல் 6,000 என்று இருந்து, முன்பு 5,700 ஓடிய மோட்டார் இப்போது 4,900 காட்டினால் அது மூச்சுத் திணறி உழைக்கிறது என்று பொருள். பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம், ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். 19க்குப் பதில் 17 போட்டால் 5,200, 5,300க்கு வந்துவிடும், இழுவையும் கூடும். நான்கு இதழ் புரொப்பல்லர் குறைந்த வேகத்தில் படகை எழுந்த நிலையிலேயே பிடித்து வைக்கும். திருப்பத்தில் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றுவதும் குறையும். பாரம் இறக்கிய நாளில் அதே 17 அளவு மீறிச் சுற்றும், அதனால் பழையதை விற்றுவிடாதீர்கள்.

டிரிம், அதாவது மோட்டாரின் சாய்வு: கிளம்பும்போது முழுக்க உள்ளே. எழும்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினால் அமரம் அழுந்தி அலை உயரும். தத்த ஆரம்பித்த நொடியில் ஒரு தட்டுத் தட்டித் திரும்ப உள்ளே. பாரமே இல்லாமல் இதை மட்டும் செய்து பார்த்தவர்களில் பலர் பை வாங்கும் யோசனையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

புதுத்துடுப்பு

ஒருபக்க அலை கண்ணாடிபோல இருக்கிறது, மறுபக்கம் வெறும் நுரை. பை சரிநடுவில்தான் இருக்கிறது. ஏன்?

கயிறு60

ஓட்டுபவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்? அவர் எடையும் புரொப்பல்லர் சுழற்சியின் தள்ளலும் சேர்ந்து படகைச் சாய்க்கும். பை நடுவில் இருந்தாலும் படகு நடுவில் இல்லை. நுரைக்கும் பக்கத்துக்குப் பாரத்தை நகர்த்துங்கள். 10 கிலோவில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் அதே வேகத்தில் நேர்க்கோட்டில் ஓட்டிப் பாருங்கள். படகில் இருந்து சறுக்குபவரைக் கவனிக்கும் பார்வையாளர் நுரைக்கும் பக்கம் மாறி உட்கார்ந்தாலே பல நேரம் சரியாகிவிடும். இரண்டு பக்கமும் நுரைத்தால் அது சாய்வு அல்ல. வேகத்தை ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பின்பாரத்தை ஒரு முழம் முன்னுக்கு இழுங்கள். தண்ணீர் ஆழம் 2 மீட்டருக்குள் என்றால் எதுவும் பலிக்காது, ஆழத்துக்குப் போங்கள்.

அமரக்காரன்

ஓட்டும் கையைப் பற்றி இரண்டு வார்த்தை. இழுத்துக்கொண்டிருக்கும்போது விசையைச் சட்டென்று மூடாதீர்கள். படகு நின்றுவிடும், பின்னால் வந்துகொண்டிருக்கும் சொந்த அலை நிற்காது. அது தாழ்ந்திருக்கும் பின்சுவரைத் தாண்டி உள்ளே விழும். நேராக ஓடவிட்டு, மூன்று நான்கு விநாடியில் படிப்படியாகக் குறைத்து, அலை அடியில் கடந்து போன பிறகு திரும்புங்கள்.

விழுந்தவரை எடுக்க வேகமாகச் சுற்றி வந்து சொந்த அலையிலேயே மூக்கைக் கொடுப்பது அடுத்தது. முன்னால் பாரம் இருக்கும்போது அணியம் எழாது, குத்தும். திறந்த முன்பகுதி உள்ள படகில் ஒரே அலையில் நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடும். நடக்கும் வேகத்தில் திரும்பினால் போதும், விழுந்தவர் மிதந்துகொண்டு காத்திருப்பார்.

குழாய்_பம்ப்

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அலை கொஞ்சம் பெரிதானதும் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். கயிற்றை விட்டுவிட்டுப் படகின் பின்னாலேயே அலையில் சறுக்குவது, வேக்சர்ஃபிங், அவுட்போர்டிலும் சாதாரண ஸ்டெர்ன்டிரைவிலும் (மோட்டார் உள்ளே, புரொப்பல்லர் பின்சுவருக்கு வெளியே) கூடவே கூடாது. புரொப்பல்லர் பின்சுவருக்கு வெளியே, சறுக்குபவரின் காலுக்கு நேரே இருக்கிறது. புரொப்பல்லர் படகின் அடியில் இருக்கும் இன்போர்டுக்கோ, முன்நோக்கி இருக்கும் டிரைவுக்கோ உரிய விளையாட்டு இது. மெதுவாக ஓடும் படகின் பின்னால் கார்பன் மோனாக்சைடும் தேங்கும். மோட்டார் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்கார வேண்டாம்.

டிரெய்லரில் ஏற்றும் முன் பையைக் காலி செய்யுங்கள். டிரெய்லரின் சக்கரமும் அச்சும் அந்த 95 கிலோவைக் கணக்கில் வைத்துச் செய்யப்படவில்லை. எந்த ஏரியில் நிரப்பினீர்களோ அங்கேயே கொட்டுங்கள். வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தண்ணீரில்தான் அடுத்த ஏரிக்குப் பயணம் செய்கிறது. பம்ப் கடைசிப் பத்து லிட்டரை விட்டுவிடும். பையின் ஒரு முனையைத் தூக்கி, பாய் சுருட்டுவதுபோல மறுமுனை வரை சுருட்டிப் பிழியுங்கள். வீட்டில் இரண்டு மூடியையும் கழற்றி, வாய் கீழே பார்க்க நிழலில் தொங்கவிடுங்கள். உள்ளே ஒரு கந்தல் துணியை விட்டு இழுத்துப் பார்த்து, அது ஈரமில்லாமல் வெளியே வந்த பிறகு மடித்து வைக்கலாம்.